நம்ம வரையுற சூப்பர்ஹீரோ கதைக்குள்ள நாமளே வந்து நிக்கலாமா? காரைக்குடி பக்கத்து காமிக்ஸ் ஆளுங்க கொஞ்சம் வாங்க

கானாடுகாத்தான் கிறுக்கன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வரைஞ்சுட்டு இருக்கேன், 32 பக்கம், கருப்பு வெள்ளை. ஹீரோ பகல்ல முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு பழைய சாமான் கடையில வேலை பாக்குறான், ராத்திரியானா பூட்டிக் கிடக்குற செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து பர்மா தேக்குத் தூணு, நிலைக்கதவு எல்லாத்தையும் பேத்துட்டுப் போற கும்பலைப் புடிக்கிறான். கதையில பிரச்சனை இல்ல. 14-ஆம் பக்கம் முழுசும் ஒரே பேனல், வீட்டு முகப்பு உச்சியில கஜலட்சுமி சுதைக்குப் பக்கத்துல ஹீரோ நிக்கிறான், கீழ தெருவுல கூட்டம் அண்ணாந்து பாக்குது. அந்தக் கூட்டத்துல என்னையே வரைஞ்சு வெச்சிருக்கேன், கண்ணாடி, தாடி, தோள்ல ஜோல்னாப்பை எல்லாம் அச்சு அசலா. கூட்டாளி பாத்துட்டு இன்னும் புஸ்தகமே வரல அதுக்குள்ள உனக்கு போஸ் கேக்குதான்னு கிண்டல் பண்றான். வெளிநாட்டு ஆர்ட்டிஸ்ட்டுங்க எல்லாம் இதைச் செஞ்சவங்கதானே? எங்க நல்லா இருந்துச்சு, எங்க கடுப்படிச்சுச்சு, சொல்லுங்க.

தேவகோட்டை டெவில்:
உன் கூட்டாளி கரெக்டா சொல்லிருக்கான். சுத்தத் தற்பெருமை. மார்வெல் காமிக்ஸ் ஸ்டான் லீ அவங்க சூப்பர்ஹீரோ படத்துக்குப் படம் வந்து தலையைக் காட்டினாருல்ல, கடைசியில கதையை விட்டுட்டு கிழவன் எங்க வர்றாருன்னு தேடுறதே வேலையாப் போச்சு. ஹீரோவைப் பாக்கணும்னு காசு குடுக்குறவன் உன் தாடியை எதுக்குப் பாக்கணும்?

பர்மாதேக்கு:
டெவில் தம்பி, ஸ்டான் லீ எழுத்தாளர், எடிட்டர். வரைஞ்சவர் இல்ல. கிறுக்கன் கேக்குறது வரையுறவன் சமாச்சாரம், ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

ஆரம்பத்துல இருந்து வருவோம். மார்வெலோட நாலு பேர் ஹீரோ டீம் ஃபேன்டாஸ்டிக் ஃபோர், அதோட 10-ஆவது இதழ், அட்டையில 1963 ஜனவரின்னு இருக்கும். ஸ்டான் லீயும் அதை வரைஞ்ச ஜாக் கிர்பியும் அவங்க ரூம்ல உக்காந்து அடுத்த கதைக்கு எந்த வில்லனைப் போடலாம்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க, கதவைத் திறந்துக்கிட்டு டாக்டர் டூம் உள்ள வர்றான். இவங்க கற்பனை பண்ணின வில்லன் இவங்க மேசை முன்னாடி வந்து நிக்கிறான். மிரட்டி டீம் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸுக்கு போன் போட வெச்சு, கதையைப் பத்தி பேசணும் வாங்கன்னு கூப்பிட வெக்கிறான், அவரும் நம்பி வந்து மாட்டிக்கிறாரு. அதுக்கு அப்புறம் டூமும் ரீடும் உடம்பு மாறிக்கிறதுதான் மீதிக் கதை. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா ரெண்டு பேரு மூஞ்சியும் நமக்கு நேரா தெரியாது, முதுகு, கை, மறைவுன்னே கிர்பி ஓட்டிருப்பாரு. உலகத்துலயே வேகமா வரையுற ஆளுங்கள்ல ஒருத்தர், தன் மூஞ்சியை வரைய அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? வேணும்னேதான் வரையல. தற்பெருமைக்காரன் செய்யுற வேலையா இது?

அப்புறம் 1965-ல வந்த மூணாவது ஆண்டு மலர், ரீடுக்கும் அதே டீம்ல இருக்குற சூவுக்கும் கல்யாணம். மார்வெல்ல இருக்குற ஹீரோ வில்லன் அத்தனை பேரும் வந்து அடிச்சுக்கிட்டு ஒருவழியா தாலி ஏறுது. கடைசியில ஸ்டானும் கிர்பியும் வாசலுக்கு வர்றாங்க, உள்ள விடல, திருப்பி அனுப்பிடுறாங்க. பந்தியில எல்லாருக்கும் இலை இருக்கு, சமையல்காரருக்கு மட்டும் இல்லங்கற கதைதான். 2007-ல வந்த ரெண்டாவது ஃபேன்டாஸ்டிக் ஃபோர் படத்துலயும் ஸ்டான் லீயை அதே மாதிரி வாசல்லயே நிறுத்துவாங்க, அது இந்தப் பக்கத்துல இருந்து எடுத்ததுதான்.

வளவுவீட்டுப் பூனை:
தேக்கு அண்ணே ஒரு விஷயத்தைத் தொட்டுட்டு விட்டுட்டீங்க. அந்த ரெண்டு கதையிலயும் ஸ்டான் லீ உருவத்தை வரைஞ்சதும் கிர்பிதானே? எழுதுறவரு கதைக்குள்ள வரணும்னா வரையுறவன் கையால தான் வரணும். கேமியோன்னு வந்துட்டா பென்சில் யாரு கையிலன்னு பாக்கணும், அங்கதான் கூத்தே இருக்கு.

பர்மாதேக்கு:
அட பூனை, அதைத்தான் அடுத்து சொல்ல வந்தேன்.

அந்தக் காலத்துல மார்வெல்ல முழு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுக்குறது கிடையாது. கதையை வாயால பேசுவாங்க, இல்ல சின்னதா ஒரு குறிப்பு, அதை வெச்சு ஆர்ட்டிஸ்ட் பக்கம் பக்கமா வரைஞ்சு குடுத்துடுவாரு, அப்புறம்தான் ஸ்டான் பலூன்ல வசனம் போடுவாரு. மார்வெல் மெத்தட்னு பேரு. அப்போ சண்டை எப்படி நடக்குது, யாரு எங்க விழுறான், எந்த இடத்துல கதை நிக்குதுன்னு பாதிக்கு மேல தீர்மானிக்கிறது வரையுறவன். ஆனா எழுதினவர்னு போடுறது ஸ்டான் பேரை மட்டும். இந்தப் புகைச்சலை மனசுல வெச்சுக்கிட்டு பாருங்க, கேமியோ எல்லாம் வேற மாதிரி தெரியும்.

1964-ல ஸ்பைடர்மேன் முதல் ஆண்டு மலர்ல மூணு பக்கத்துக்கு ஒரு காமெடி, ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் எப்படி ஸ்பைடர்மேனை உருவாக்குறாங்கன்னு. டிட்கோ தன்னையே தூக்கம் கெட்டு, மேசையில குனிஞ்சு கிடக்குற ஆளா வரைஞ்சிருப்பாரு, பக்கத்துல ஸ்டான் ஐடியாவா அள்ளி விட்டுட்டு நிப்பாரு. எல்லாரும் சிரிச்சாங்க. 1966-ல 38-ஆவது இதழோட டிட்கோ கிளம்பிட்டாரு. அதுக்கப்புறம் 2018-ல சாகுற வரைக்கும் பேட்டி கீட்டின்னு அவரைப் புடிக்கிறதே அபூர்வம், போட்டோவே விரல் விட்டு எண்ணுற அளவுதான். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன்னைத்தானே வரைஞ்சு குடுத்துட்டுப் போன மூணு பக்கம்ங்க அது.

கிர்பியும் 1970-ல போட்டிக் கம்பெனி டிசிக்குப் போயிட்டாரு. 1972-ல மிஸ்டர் மிராக்கிள் 6-ஆவது இதழ்ல ஃபங்கி ஃப்ளாஷ்மேன்னு ஒருத்தன் வர்றான், ஒட்டுத்தாடி, விக்கு, தேன் ஒழுகுற பேச்சு, மத்தவன் உழைப்புல சவாரி. ஸ்டானைத்தான் வரைஞ்சிருக்காருன்னு காமிக்ஸ் உலகத்துக்கே தெரியும். கூட ஒரு எடுபிடி ஹவுஸ்ராய், அது மார்வெல்ல ஸ்டானுக்கு அடுத்து இருந்த ராய் தாமஸ். அப்புறம் மறுபடி மார்வெலுக்கே வந்தாரு. 1978-ல வாட் இஃப் 11-ஆவது இதழ், மார்வெல் ஆபீஸ்காரங்களே ஃபேன்டாஸ்டிக் ஃபோர் ஆயிருந்தா எப்படி இருக்கும்னு கிர்பியே எழுதி வரைஞ்சது. ஸ்டான் மிஸ்டர் ஃபேன்டாஸ்டிக், ஆபீஸ்ல இருந்த ஃப்ளோ ஸ்டைன்பெர்க் அம்மா இன்விசிபிள் கேர்ள், சால் ப்ராட்ஸ்கி நெருப்பு மனுஷன். கிர்பி தனக்கு எடுத்துக்கிட்டது எது தெரியுமா, திங். பாறை மாதிரி உடம்பு, யாரும் விரும்பிப் பாக்காத உருவம், வேலைன்னு வந்தா முன்னாடி நிக்கிற ஆளு. இதைத் தற்பெருமைன்னு சொல்றவன் அந்த இதழைப் படிக்கலைன்னு அர்த்தம்.

முத்துப்பேட்டி:
இங்க எல்லாரும் அமெரிக்காவையே சுத்துறீங்க. நம்ம தலைமுறைக்கு சூப்பர்ஹீரோன்னா இரும்புக்கை மாயாவிதான், 1972-ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே அவரை வெச்சுத்தான். எங்க அப்பச்சி காலத்துல இருந்து வீட்டுல கட்டுக் கட்டா கிடக்கு, மச்சுல இருக்குற பெட்டியில, மேல இருக்குறது கரையான் போக மிச்சம். அதை வரைஞ்சது ஹெசூஸ் ப்ளாஸ்கோன்னு ஒரு ஸ்பெயின்காரர், இங்கிலாந்துல வேலியன்ட்னு ஒரு வாரப் பத்திரிகையில 1962-ல இருந்து வந்தது. அந்த பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைங்கள்ல அப்பல்லாம் வரைஞ்சவர் பேரையும் போட மாட்டான் எழுதினவர் பேரையும் போட மாட்டான். கரன்ட்டைத் தொட்டா மாயாவிக்கு உடம்பு மறைஞ்சு கை மட்டும் தெரியும், வரைஞ்சவருக்கு அந்தக் கையும் தெரியல. அவரு எதாவது ஒரு கூட்டத்துல மூலையில தன் மூஞ்சியை ஒளிச்சு வெச்சிருந்தாலும் நமக்கு எப்படித் தெரியப் போகுது? கிறுக்கன் தம்பி நீ தாராளமா வரைஞ்சுக்க. அட்டையில பேரையும் பெருசாப் போடு.

கட்டுத்தறி:
கம்பன் கழகம் இருக்குற ஊர்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்விக்கு நியூயார்க் வரைக்கும் போறீங்களேய்யா. கதை சொன்னவன் கதைக்குள்ள வர்றது நமக்குப் புதுசா? வால்மீகி ஆசிரமத்துலதான் லவனும் குசனும் வளர்றாங்க. வியாசர் இல்லைன்னா பாண்டவனும் இல்ல கௌரவனும் இல்ல, தாத்தாவே அவருதான். சம்பந்தர் பதிகத்துக்குப் பதிகம் கடைசிப் பாட்டுல ஞானசம்பந்தன் சொன்னதுன்னு பேரு வெச்சு முடிப்பாரு, அதைத் திருக்கடைக்காப்புன்னே சொல்றோம்.

ஆனா கம்பன் செஞ்சதுதான் கில்லாடித்தனம். பத்தாயிரம் பாட்டு பாடின ஆளு, கதைக்குள்ள தான் வரல. சாப்பாடு போட்டு ஆதரிச்ச சடையப்ப வள்ளலைக் கொண்டு வந்துட்டாரு. ராமனுக்கு முடிசூட்டுற இடத்துல, அனுமன் அரியணை தாங்க, அங்கதன் உடைவாள் ஏந்த, அந்த மகுடத்தை எடுத்து வசிஷ்டர் கையில குடுக்குறது யாருன்னா வெண்ணெய்நல்லூர் சடையனோட முன்னோர்கள். திரேதா யுகத்துல வெண்ணெய்நல்லூர்க்காரனுக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டாங்களா? கேக்க மாட்டாங்க, ஏன்னா அந்த இடத்துல அவ்வளவு அழகா உக்காருது.

தேவகோட்டை டெவில்:
அப்போ கம்பன் கணக்குப்படி பிரின்டிங்குக்குக் காசு குடுக்குறவரைத்தான் ஹீரோ பக்கத்துல நிறுத்தணும் 😂

கானாடுகாத்தான் கிறுக்கன்:
அய்யோ அதை ஞாபகப்படுத்தாதீங்க. பிரின்டிங் காசு சிங்கப்பூர்ல இருக்குற எங்க அயித்தான் குடுக்குறாரு. இந்த இழையைப் பாத்தாருன்னா கஜலட்சுமிக்குப் பதிலா என்னைப் போடுன்னு கேட்டுடுவாரு.

பள்ளத்தூர் டிராயிங் மிஸ்:
தம்பி, அந்த 14-ஆம் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க. பெருமையா இல்லையான்னு பேசுறதுக்கு முன்னாடி படம் எப்படி இருக்குன்னு பாப்போம்.

கானாடுகாத்தான் கிறுக்கன்:
போட்டுட்டேன் மிஸ். வெளிச்சம் கம்மி, பொறுத்துக்கங்க.

பள்ளத்தூர் டிராயிங் மிஸ்:
பாத்தேன். முகப்பு ரொம்ப நல்லா வந்திருக்கு, சுதைக்குக் கீழ வர்ற நிழல் விழுற விதம், நாட்டு ஓடு வரிசை எல்லாம் பொறுமையா பண்ணிருக்கீங்க. இப்ப கூட்டத்துக்கு வாங்க. ஒரு இருபது தலை இருக்கு, அத்தனையும் ஹீரோவை அண்ணாந்து பாக்குது. தாடி வெச்ச ஒரே ஒரு தலை மட்டும் நேரா என்னைப் பாக்குது. அதுதான் நீங்க.

இது ஏன் வருதுன்னா, நம்மளை நாமளே கண்ணாடி பாத்து வரையும்போது கண்ணு எப்பவும் வரையுறவனைத்தான் பாக்கும், வேற வழியே இல்ல. அதை அப்படியே கூட்டத்துக்குள்ள கொண்டு போய் ஒட்டிட்டீங்க. அந்தப் பக்கத்தைத் திறந்ததும் என் கண்ணு ஹீரோ கிட்ட போகல, உங்க கிட்ட வந்துடுச்சு, ஹீரோ அவ்வளவு உயரத்துல நின்னும் புண்ணியமில்ல. உங்க கூட்டாளிக்கு உறுத்தினது இதுதான், அவருக்கு சொல்லத் தெரியல, போஸ் குடுக்குறன்னு சொல்லிட்டாரு. போன்ல பக்கவாட்டுல இருந்து, கீழ இருந்து நாலு படம் எடுத்து அதைப் பாத்து வரைங்க. தாடைக்கு அடிப்பக்கம், மூக்கு ஓட்டை தெரியுற மாதிரி. அழகா இருக்காது. இருக்கவும் வேணாம்.

ஜப்பான்காரர் ஒசாமு தெசுகாவைப் பாருங்க. தன் மங்கா, அதான் ஜப்பான் காமிக்ஸ், பலதுலயும் வந்து வந்து போவாரு. தலையில ஒரு தொப்பி, கண்ணாடி, பூசணி மாதிரி மூக்கு, நாலே கோடுதான். நிஜத்துல இருந்ததை விட மூக்கைப் பெருசாக்கி வெச்சிருப்பாரு. எவ்வளவு சின்னதா வரைஞ்சாலும் அது அவருதான்னு தெரியும், கதையையும் கெடுக்காது.

சிவகாசி ரோலர்:
மிஸ் சொன்னதோட பிரஸ் பக்கத்து சமாச்சாரம் ஒண்ணு. தம்பி ஏ3 பேப்பர்ல வரையுறாரு, புஸ்தகம் ஏ5 சைஸ்ல வரப்போகுது. சரி பாதியா சுருங்கும். 0.2 மில்லிமீட்டர் பேனாக் கோடு 0.1 ஆயிடும், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல விட்ட வெள்ளையும் அதே கணக்குல பாதியாகும். அந்தத் தாடியில குறுக்கும் நெடுக்குமா போட்டிருக்குற கோடு எல்லாம் மை அடைச்சு ஒரே கருப்புத் திட்டாத்தான் வரும். அமெரிக்காவுலயும் பெருசா வரைஞ்சு சுருக்குறதுதான், 1967 வாக்குல இருந்து அங்க 10க்கு 15 அங்குலத்துல வரையுறாங்க, அதுக்கு முன்னாடி இன்னும் பெருசு. ஆனா அவங்க சுருங்கின பிறகு என்ன மிஞ்சும்னு கணக்குப் போட்டு வரையுறவங்க. முடிஞ்சா ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் கடையில 50 சதவீதம் சுருக்கி எடுத்துப் பாருங்க, யாரு சொல்றதும் தேவைப்படாது.

தேவகோட்டை டெவில்:
சரி, கூட்டத்துல ஒளிஞ்சு நிக்கிறதை விடுங்க. கடவுளா வந்து நிக்கிறானுங்களே அதுக்கு என்ன சொல்றீங்க? டிசியோட அனிமல் மேன் 26-ஆவது இதழ், 1990. கிராண்ட் மாரிசன் நேரா ஹீரோ முன்னாடி வந்து, நான்தான் உன்னை எழுதுறேன், உன் பொண்டாட்டி புள்ளைங்களைக் கதைக்காகக் கொன்னது நான்தான்னு சொல்றாரு. அப்புறம் செத்துப்போன தன் பூனையைப் பத்திப் பேசுறாரு. ஹீரோ பாவம் நின்னு கேக்குறான்.

வளவுவீட்டுப் பூனை:
எனக்கு அது ரொம்பப் புடிச்ச இதழ், சண்டைக்கு வராதீங்க 😤 பூனை செத்த துக்கம்னா சும்மாவா. கடைசியில குடும்பத்தை உயிரோட திருப்பிக் குடுத்துட்டுத்தான் போறாரு. அதுவும் இல்லாம அங்க மூஞ்சியை வரைஞ்சது சாஸ் ட்ரூக், மாரிசன் எழுத்தாளர். அதுக்குத் தண்டனையும் கிடைச்சுச்சே, அடுத்த வருஷம் சூசைட் ஸ்குவாட் காமிக்ஸ்ல அதை எழுதுற வேற ஆளுங்க அதே ஆளை எழுத்தாளன்ங்கற பேர்லயே கொண்டு வந்தாங்க. எதை டைப் அடிக்கிறானோ அது நடக்கும், அதுதான் அவன் சக்தி, சண்டை நடுவுல எழுத வராம முட்டிக்கிட்டு செத்துப் போயிடுவான். எழுதுறவனுக்கு இதை விட பயங்கரமான சாவு எதாவது இருக்கா.

பர்மாதேக்கு:
கடவுள்னு சொன்னீங்களே, அதுக்கு ஒண்ணு இருக்கு. 2004, ஃபேன்டாஸ்டிக் ஃபோர் 511. செத்துப்போன பென்னை, அதான் அந்தத் திங்கைத் தேடி மத்த மூணு பேரும் சொர்க்கத்துக்கே போறாங்க, அங்க கடவுளைப் பாத்தா ஜாக் கிர்பி. டிராயிங் போர்டு முன்னாடி பென்சிலோட உக்காந்திருக்காரு. ரீட் மூஞ்சியில டூம் போட்ட தழும்பு இருக்கும், அதை ரப்பரால அழிச்சு விட்டுடுறாரு. ஒரு ஆர்ட்டிஸ்ட் கடவுளா இருந்தா அப்படித்தானே பண்ணுவாரு. நடுவுல கூட்டாளி கிட்ட இருந்து போன் வேற. ஆனா இதை எழுதினது மார்க் வெய்ட், வரைஞ்சது மைக் வீரிங்கோ, கிர்பி இறந்தது 1994. பத்து வருஷம் கழிச்சு அடுத்த தலைமுறைக்காரன் தூக்கி வெச்ச பீடம் அது. தானா ஏறி உக்காந்திருந்தா நானே திட்டிருப்பேன். கிர்பி குடும்பத்துக்கும் மார்வெலுக்கும் நடந்த உரிமைக் கேஸு சமாதானத்துக்கு வந்ததே 2014-லதான், பீடம் முந்தி வந்துச்சு, பேரு பிந்தி வந்துச்சு.

டெவில் மாதிரி ஆளுங்களுக்கு நான் ஜான் பைர்னைக் காட்டுவேன். 1984, அதே ஃபேன்டாஸ்டிக் ஃபோர் 262. அண்டத்துல ரீடுக்கு விசாரணை நடக்குது, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்குற வாட்சர்ங்கற வேற்றுலக ஆளு பைர்னைக் கூட்டிட்டுப் போய் நடந்ததைப் பதிவு பண்ணச் சொல்றாரு. எழுத்தும் படமும் அவரே, எவ்வளவு வேணா ஆடிருக்கலாம். ஓரமா நின்னு பாத்துட்டு வர்றதுதான் வேலை. நல்ல கதை, ஆனா பைர்ன் இல்லைன்னாலும் அந்த விசாரணை நடந்திருக்கும்னு ஒரு எண்ணம் எனக்கு எப்பவும் உண்டு.

வளவுவீட்டுப் பூனை:
அப்ப ஆர்ட்டிஸ்ட் இல்லைன்னா கதையே நடக்காதுங்கற மாதிரி ஒண்ணு வேணும்னா பிரேவ் அண்ட் தி போல்டு 124, 1976. பேட்மேனும் பட்டாளத்து ஹீரோ சார்ஜென்ட் ராக்கும் தீவிரவாதக் கும்பலைத் துரத்துறாங்க. அந்தக் கதையை வரைஞ்சிட்டு இருக்குற ஜிம் அப்பரோ என்ன வரையுறாரோ அதுதான் நடக்குதுன்னு கும்பலுக்குத் தெரிஞ்சு போகுது, நேரா அவரைத் தேடிப் போயிடுறானுங்க, பேட்மேன் சாகுற மாதிரி வரைன்னு. எழுதின பாப் ஹேனியும் கதையில இருக்காரு. அப்பரோவை எடுத்துட்டா அந்த இதழ்ல ஒண்ணுமே மிஞ்சாது. கிறுக்கா, கூட்டத்துல நிக்கிறது வேஸ்ட்டு. கதையில ஒரு வேலையை எடுத்துக்க.

கானாடுகாத்தான் கிறுக்கன்:
ஜெராக்ஸ் எடுத்துப் பாத்தேன் ரோலர் அண்ணே, தாடி இருந்த இடத்துல மரவட்டை ஒட்டின மாதிரி இருக்கு. கூட்டத்துல இருந்து என்னைத் தூக்கிட்டேன். இப்போ ஒரு ஐடியா. முகப்புக்கு சாரம் கட்டி சுதை வேலை நடக்குது, நான் அதுல கொத்தனாரா, முதுகைக் காட்டிக்கிட்டு, கையில கரணை. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சட்டியில கலந்து கீழ இருக்கும். எப்படி?

பர்மாதேக்கு:
படமா நல்லா இருக்கும். ஆனா அந்தப் பக்கம் ராத்திரி சீன் தம்பி. நடு ராத்திரியில எந்தக் கொத்தனார் சாரத்துல ஏறுறாரு?

முத்துப்பேட்டி:
இந்தக் காலத்துல பகல்லயே ஆள் கிடைக்கல 😂

வளவுவீட்டுப் பூனை:
நான் சொல்றேன் கேளு. நீ நிஜத்துல என்ன பண்ற? ஞாயித்துக்கிழமையானா ஊர் ஊராப் போய் பூட்டிக் கிடக்குற வீட்டையெல்லாம் ஸ்கெட்ச் போட்டு நெட்ல போடுற. எந்த வீட்டுல எந்தக் கதவு, எத்தனை தூணு, வளவுக்கு எந்தப் பக்கம் வாசல், எல்லாம் அதுல இருக்கு. உன் கதையில அந்தக் கும்பலுக்கு எந்த வீட்டை உடைக்கணும்னு எப்படித் தெரியுது? நீ இன்னும் சொல்லவே இல்ல.

கானாடுகாத்தான் கிறுக்கன்:
…ஆத்தாடி.

பள்ளத்தூர் டிராயிங் மிஸ்:
பூனை, நீ எழுத ஆரம்பிச்சிடும்மா.

பர்மாதேக்கு:
இது உக்காருது. அவன் வரைஞ்ச ஸ்கெட்ச்சுதான் கும்பலுக்கு மேப்பு. ஹீரோ முதல்ல சந்தேகப்படுறதும் அவனைத்தான். அப்புறம் கும்பலே அவனைத் தூக்கிட்டுப் போய் உக்கார வெச்சு அடுத்த வீட்டை வரைடான்னு சொல்லுது, அவன் வாசலை இடம் மாத்தி வரைஞ்சு குடுக்குறான், எல்லாரும் மூடின கிணத்து மேல போய் நிக்கிறானுங்க. டூம் கிர்பி ரூமுக்கு வந்த மாதிரியே.

கானாடுகாத்தான் கிறுக்கன்:
அண்ணே கிணத்தை நான் எடுத்துக்கிறேன், அப்புறம் கேக்கக் கூடாது. 9-ல இருந்து 14 வரைக்கும் மறுபடி வரையணும். பூனைக்கு கதை உதவின்னு பேரு போட்டுடுறேன், எழுத்து சைஸ் என் பேரு சைஸ்லயே.

வளவுவீட்டுப் பூனை:
அப்படி வா வழிக்கு. பேரு மட்டும் போதாது, திண்ணையில ஒரு பூனையும் வரணும்.

தேவகோட்டை டெவில்:
கும்பல் புடிச்சுட்டுப் போகும்போது அந்த தாடிக்காரனுக்கு அடி விழுமா?

கானாடுகாத்தான் கிறுக்கன்:
ரெண்டு அறை. ஒரு ஃபுல் பேனல்.

தேவகோட்டை டெவில்:
எனக்கு ரெண்டு காப்பி எடுத்து வை.

சிவகாசி ரோலர்:
ஃபைல் அனுப்பும்போது லைன் ஆர்ட் 600 டிபிஐக்குக் குறையாம, பிட்மேப்ல அனுப்பு தம்பி. ஜேபெக்ல அனுப்பினா அந்தப் பூனை நாய் மாதிரிதான் வரும்.